அழைத்தது அச்சகத்தை, திறந்தது ஸ்டூடியோவை: எஃப்டிபி சேர்வர் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

திருகோணமலை நகருக்குள் ஒரு மாடிக் கட்டடம். கீழே அச்சகம், மேலே கலியாணப் படம் எடுக்கும் ஸ்டூடியோ, பின்பக்க அறையில் ஒரு கணக்காளர். மூவருக்கும் பொதுவாகப் படிக்கட்டின் கீழ் ஒரு பழைய கொம்பியூட்டர் இருக்கிறது. அதில் உபுண்டு என்ற லினக்ஸ், அதன்மேல் புரோஎஃப்டிபிடி என்ற எஃப்டிபி சேர்வர் மென்பொருள். அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

எஃப்டிபி என்பது நெட்வேர்க்கில் ஃபைல் அனுப்பும் பழைய முறை. இந்தக் காலத்திலும் எஃப்டிபியா என்று கேட்பார்கள். அச்சகத்தின் ஸ்கேன் இயந்திரத்துக்கு அதைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஸ்டூடியோ கெமராவும் படத்தை நேராக அனுப்பும்போது எஃப்டிபியில்தான் அனுப்புகிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள், எல்லாவற்றையும் மறைகுறியாக்கி அனுப்பும் எஸ்எஃப்டிபி பக்கம் போவதே நல்லது. பழைய இயந்திரங்களோடு மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் இந்தக் குறிப்பு.

கட்டளைகளின் பெயர்களை, மூதூரில் இருக்கும் ஒருவருக்கு நான் போனில் சொல்வதுபோல, ஒலிப்படியே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். சேர்வரின் விதிகள் இருக்கும் கொன்ஃபிக் ஃபைலைத் தொடும் முன் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். தொட்ட பிறகு 'புரோஎஃப்டிபிடி -டி' (டெஸ்ட் என்பதன் முதலெழுத்து) என்று ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், எழுத்துப்பிழை இருந்தால் அங்கேயே சொல்லிவிடும். அப்புறம் இன்னொன்று: ஏற்கெனவே உள்ளே இருக்கும் இணைப்புகள் பழைய விதியிலேயே ஓடும். ரீலோட் செய்துவிட்டு, ஃபைல்ஸில்லா என்ற எஃப்டிபி க்ளையன்டைத் துண்டிக்காமலே "மாற்றம் ஒன்றும் பிடிக்கவில்லை" என்று ஒரு பின்னேரம் முழுக்க மண்டையை உடைத்திருக்கிறேன்.

எந்தப் பெயரில் போனாலும் ஒரே இடத்தில் போய் நிற்கிறது

இணையத்தள சேர்வரில் பழகியவர்கள் முதலில் விழும் குழி இதுதான். ஒரே ஐபியில் பத்துத் தளம் வைக்கலாம், பிரவுசர் எந்தப் பெயரைத் தேடி வந்தது என்று தானே சொல்லிவிடும். எஃப்டிபி அப்படியில்லை. எஃப்டிபியின் விதிகளை வகுத்து 1985 ஒக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 959 ஆவணத்தில், "நான் இன்ன பெயரைத் தேடி வந்தேன்" என்று சொல்ல ஒரு கட்டளையே கிடையாது. கட்டடத்துக்கு ஒரே வாசல், வருகிறவர் எந்தக் கடைக்கு என்று சொல்லாமலே உள்ளே நுழைகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறப்பவர் என்ன செய்வார்? முதலில் இருக்கும் கடையில் கொண்டுபோய் விடுவார்.

2014இல் ஆர்எஃப்சி 7151 'ஹோஸ்ட்' என்ற கட்டளையைக் கொண்டுவந்தது. புரோஎஃப்டிபிடி 1.3.6 முதல் அதைப் புரிந்துகொள்கிறது. ஆனால் சேர்வர் புரிந்துகொண்டு என்ன பயன், க்ளையன்ட் அல்லவா அதைச் சொல்ல வேண்டும்! எங்கள் ஸ்கேன் இயந்திரம் அதைச் சொல்லப்போவதில்லை. எனவே ஹோஸ்ட் ஒன்றுக்கு, அதாவது சேர்வருக்குள் ஒரு கடைக்கென்று ஒதுக்கும் பகுதிக்கு, ஓர் ஐபி, அல்லது ஒரு போர்ட். இதற்குக் குறுக்குவழி தேடவேண்டாம்.

எங்களிடம் ஸ்டூடியோவுக்கு 192.168.8.10, அச்சகத்துக்கு 192.168.8.11, கணக்காளருக்கு 192.168.8.12. ஒரு ஹோஸ்டின் பகுதி இப்படி இருக்கும்:

<வேர்ச்சுவல்ஹோஸ்ட் 192.168.8.11>
  சேர்வர்நேம் "அச்சகம்"
  சேர்வர்ஐடென்ட் ஒன் "அச்சகம் வாசல்"
</வேர்ச்சுவல்ஹோஸ்ட்>

சேர்வர்ஐடென்ட் வரியை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். இணைந்த உடனே வரும் 220 என்று தொடங்கும் வரவேற்பு வரியில் அந்த வாசகம் வரும். ஒவ்வொரு ஹோஸ்டுக்கும் வெவ்வேறு வாசகம் போட்டுவிட்டால், எந்தக் கதவு திறந்தது என்று பாஸ்வேர்ட் கேட்கும் முன்பே தெரிந்துவிடும். கீழே சொல்லப்போகும் எந்தக் கோளாறுக்கும் நான் முதலில் பார்ப்பது இந்த வரியைத்தான். அச்சக யூசருக்கு ஏன் போல்டர் தெரியவில்லை என்று அனுமதிகளை ஒரு மணித்தியாலம் கிண்டிய பிறகு, அவர் நின்றதே ஸ்டூடியோ ஹோஸ்டில் என்று கண்டுபிடிப்பது நல்ல அனுபவம் இல்லை.

வேர்ச்சுவல்ஹோஸ்ட் வரியில் ஐபிக்குப் பதில் பெயர் எழுதியிருந்தால், சேர்வர் எழும்பும்போது அந்தப் பெயரைத் தேடி ஐபியாக மாற்றிக்கொள்ளும். இரண்டு பெயரும் ஒரே ஐபிக்குப் போனால் மேலே சொன்ன கதைதான். எழும்பும் நேரத்தில், பெயரை ஐபியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் கிடைக்காவிட்டால் அது வேறு கதை. ஐபியையே எழுதுங்கள்.

பெயருக்கு ஐபிவி6 முகவரியும் இருந்தால் ஒரு விசித்திரம் நடக்கும். கடைக்குள் சரியாக வேலை செய்வது மொபைல் டேட்டாவில் வேறு ஹோஸ்டில் போய் நிற்கும். காரணம், போன் ஐபிவி6 வழியாக வருகிறது, உங்கள் ஹோஸ்ட் பகுதியில் ஐபிவி4 மட்டும் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாதவர்கள் 'யூஸ்ஐபிவி6 ஓஃப்' போட்டு, அந்த டிஎன்எஸ் பதிவையும் எடுத்துவிடலாம்.

"500 சொறி, நோ சேர்வர் அவெய்லபிள்" என்று முகத்தில் அடிக்கிறது

இது மேலே சொன்னதன் மறுபக்கம். வந்த ஐபிக்கு எந்த ஹோஸ்டும் சொந்தம் கொண்டாடவில்லை என்று அர்த்தம். டெபியன், உபுண்டு இரண்டிலும் /இடிசி/ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறந்தால், கொம்பியூட்டரின் பெயருக்கு நேரே 127.0.1.1 என்று இருக்கும். புரோஎஃப்டிபிடியின் பிரதான சேர்வர் தன் பெயரைத் தேடிப்பார்த்து, "ஓ, நான் 127.0.1.1" என்று முடிவு செய்துகொள்ளும். நீங்கள் 192.168.8.10க்கு வந்தால், அந்த ஆள் இங்கே இல்லை என்று அனுப்பிவிடும்.

'டிஃபால்ட்அட்ரஸ் 192.168.8.10' என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. பலர் இதற்கு 'டிஃபால்ட்சேர்வர் ஒன்' போட்டுவிட்டுப் போவார்கள். அதுவும் வேலை செய்யும். ஆனால் தெரியாத ஐபியில் வருபவர் எல்லோரையும் அது ஒரே ஹோஸ்டுக்குள் விட்டுவிடும், பிழை இருப்பதே தெரியாமல் போய்விடும். என்னைக் கேட்டால், தப்பான கதவு திறப்பதைவிட ஒரு கதவும் திறக்காமல் இருப்பது மேல்.

கரண்ட் போய் வந்த பிறகு ஒரு ஹோஸ்ட் மட்டும் செத்துக் கிடக்கிறது

கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று மழை தொடங்கினால் எங்கள் பக்கம் கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கும். ஒருமுறை கரண்ட் வந்ததும் ஸ்டூடியோ வேலை செய்தது, அச்சகத்துக்கு நேரம் கடந்து இணைப்பு அறுந்தது. கொன்ஃபிக்கில் ஒரு குறையும் இல்லை. கூடுதல் ஐபிகளை 'ஐபி அட்ரஸ் அட்' கட்டளையால் கையால் சேர்த்திருந்தேன், கொம்பியூட்டர் அணைந்ததோடு அவையும் போய்விட்டன. உபுண்டுவில் நெட்பிளான் ஃபைலில் அட்ரஸஸ் என்ற இடத்தில் மூன்று ஐபியையும் எழுதிவையுங்கள். அந்த ஃபைலில் இடைவெளிக்கு டாப் விசையைத் தட்டக்கூடாது, வெற்றிடம்தான் விடவேண்டும். 'நெட்பிளான் ட்ரை' என்று கொடுத்தால், நீங்கள் உறுதிசெய்யாவிட்டால் பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும்.

யூசர் ஒரு படி மேலே ஏறினால் எல்லாக் கடையும் தெரிகிறது

ஒரு தை மாதக் காலை, அச்சக அக்காவின் போன்.

"தம்பி, என்ர போல்டருக்கு மேல ஒரு படி ஏறினன், ஸ்டூடியோக்காரற்ற கலியாணப் படமெல்லாம் நிக்குது. பார்க்கலாமோ?"

"பார்க்காதேங்கோ அக்கா, அஞ்சு நிமிசம் தாங்கோ."

கோட்டைப் பக்கம் போனால் மான்கள் வீதியில் நினைத்தபடி திரியும், ஒருவரும் கட்டிவைப்பதில்லை. அது ஊருக்கு அழகு. எஃப்டிபி யூசரை அப்படி விடமுடியாது. அவரை அவருடைய போல்டருக்குள் பூட்டிவைக்கும் கட்டளை 'டிஃபால்ட்ரூட் ~'. அலைக்குறி அவருடைய வீட்டு போல்டரைக் குறிக்கும். அந்த வரி எங்கள் கொன்ஃபிக்கில் இருந்தது, எழுத்துப்பிழையும் இல்லை. பின் ஏன் பூட்டவில்லை?

வரி இருந்த இடம் தப்பு. புரோஎஃப்டிபிடியில், ஃபைலின் மேற்பகுதியில் சும்மா எழுதும் வரிகள் பிரதான சேர்வருக்கு மட்டும் சொந்தம். வேர்ச்சுவல்ஹோஸ்ட் பகுதிகளுக்கு அவை இறங்காது. அப்பன் வீட்டுச் சொத்து பிள்ளைக்குத் தானாக வரும் என்று நினைத்துவிடுகிறோம், இங்கே உறுதி எழுதினால்தான் வரும். அந்த உறுதிக்குப் பெயர் குளோபல்:

<குளோபல்>
  டிஃபால்ட்ரூட் ~
</குளோபல்>

இதற்குள் எழுதியது பிரதான சேர்வருக்கும் எல்லா ஹோஸ்டுக்கும் பொருந்தும். அதுவரை எங்களிடம் ஒரே ஹோஸ்ட்தான், அதுவே பிரதான சேர்வர், பூட்டும் ஒழுங்காக விழுந்தது. அச்சகத்தைத் தனி ஹோஸ்டாகப் பிரித்த அன்றே பூட்டு கழன்றுவிட்டது. அக்கா மேலே ஏறிப் பார்க்கும் வரை எவருக்கும் தெரியவில்லை. ஹோஸ்ட் பிரிக்கும் நாளில், மேலே இருக்கும் ஒவ்வொரு வரியையும் "இது பிள்ளைகளுக்கும் வேண்டுமா" என்று கேட்டுக்கொண்டே வாருங்கள்.

குளோபலுக்குள் இருந்தும் பூட்டு விழவில்லை என்றால், குழுப் பெயர்களைப் பாருங்கள். 'டிஃபால்ட்ரூட் ~ !நிர்வாகம்' என்றால், நிர்வாகம் என்ற குழுவில் இல்லாத எல்லோரையும் பூட்டு என்று பொருள். இதுவரை சரி. 'டிஃபால்ட்ரூட் ~ அச்சகம்,ஸ்டூடியோ' என்று எழுதினால் என்ன ஆகும்? அச்சகக் குழுவில் இருப்பவரையும் ஸ்டூடியோக் குழுவில் இருப்பவரையும் பூட்டும் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தக் காற்புள்ளிக்கு 'இரண்டிலும் இருப்பவர்' என்று அர்த்தம். இரண்டு குழுவிலும் இருக்கும் ஆள் எங்களிடம் ஒருவர்கூட இல்லை, எனவே எவரையும் பூட்டவில்லை, பிழைச் செய்தியும் வரவில்லை. குழுவுக்கு ஒரு வரியாகத் தனித்தனியே எழுதுங்கள்.

மூன்றாவது குழப்பம், டிஃபால்ட்ரூட்டையும் டிஃபால்ட்சிஎச்டிரையும் ஒன்றென்று நினைப்பது. டிஃபால்ட்சிஎச்டிர், யூசரை லொகின் ஆனதும் ஒரு போல்டரில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது, அவ்வளவுதான். மேலே ஏற அவருக்குத் தடையில்லை. சோதிக்க எளிய வழி: லொகின் ஆனதும் 'பிடபிள்யூடி' கொடுங்கள். வெறும் '/' வந்தால் பூட்டியிருக்கிறது. '/எஸ்ஆர்வி/எஃப்டிபி/அச்சகம்' என்று முழுப் பாதையும் வந்தால் பூட்டவில்லை.

பூட்டு சரியாக விழுந்த பிறகும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. ஒவ்வொரு கடையின் போல்டருக்கும் தனிக் குழு வைத்து அனுமதியை 750 ஆக்குங்கள், குழுவுக்கு வெளியே இருப்பவர் உள்ளே பார்க்கமுடியாது. அன்று அக்காவுக்குப் படங்கள் தெரிந்ததற்குப் பாதிக் காரணம் பூட்டு, மீதிப் பாதி எவரும் படிக்கலாம் என்று நான் சோம்பலில் விட்டுவைத்த 755. அனுமதி ஒழுங்காக இருந்திருந்தாலே அவர் போல்டரின் பெயரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார். எவரும் எழுதலாம் என்ற 777 பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அதைப் போட்டவர்களுக்கே தெரியும் என்ன செய்தார்கள் என்று.

ஒரு கடையின் பாஸ்வேர்ட் அடுத்த கடையிலும் வேலை செய்கிறது

ஹோஸ்ட் வேறு, ஐபி வேறு, போல்டரும் வேறு. ஆனாலும் ஸ்டூடியோப் பையன் தன் பெயரிலேயே அச்சக ஹோஸ்டில் லொகின் ஆகிறான். இது பிழையில்லை. லினக்ஸ் யூசர்களை வைத்து நடத்தும்போது எல்லா ஹோஸ்டும் ஒரே /இடிசி/பாஸ்வட் ஃபைலைத்தான் பார்க்கின்றன. பிரிக்க இரண்டு வழி. சிறிய கடைக்கு, ஹோஸ்ட் பகுதிக்குள் <லிமிட் லொகின்> போட்டு, அதில் அலவ்யூசர் என்று பெயர்களைக் குறித்து, கீழே டினைஓல் எழுதினால் போதும். ஆட்கள் அதிகமானால் ஹோஸ்ட் ஒவ்வொன்றுக்கும் தனி ஓத்யூசர்ஃபைல். அதை உருவாக்க எஃப்டிபாஸ்வட் என்ற கருவி கூடவே வருகிறது. அதோடு ஓத்ஓடர் வரியில் மொட்_ஓத்_ஃபைல்.சி மட்டும் இருக்கட்டும், இல்லாவிட்டால் சேர்வர் பழையபடி லினக்ஸ் யூசர்களிடமும் போய்க் கேட்கும். அந்தப் பாஸ்வேர்ட் ஃபைல் எல்லோரும் படிக்கும்படி இருக்கக்கூடாது, 640 வையுங்கள்.

பாஸ்வேர்ட் சரி, ஆனாலும் 530

530 என்றால் சேர்வர் லொகினை மறுத்துவிட்டது. மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது ஷெல், அதாவது யூசருக்குக் கட்டளை தட்ட லினக்ஸ் திறக்கும் நிரல். எஃப்டிபி மட்டும் போதும் என்று யூசருக்கு நோலொகின் ஷெல் கொடுத்திருப்பீர்கள், நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த ஷெல் /இடிசி/ஷெல்ஸ் பட்டியலில் இல்லாவிட்டால் சேர்வர் ஆளை ஏற்காது. 'ரிக்வயர்வாலிட்ஷெல் ஓஃப்' என்று எழுதுங்கள், அதையும் குளோபலுக்குள்.

இரண்டாவது /இடிசி/எஃப்டிபியூசர்ஸ். பெயரைப் பார்த்தால் எஃப்டிபி யூசர்களின் பட்டியல் மாதிரி இருக்கும். உண்மையில் அது உள்ளே விடக்கூடாதவர்களின் பட்டியல். புதிய ஆளை அக்கறையாக அதில் சேர்த்துவிட்டு, ஏன் உள்ளே போகமுடியவில்லை என்று தேடியவன் நான்.

மூன்றாவது பாதை. யூசருக்குத் தன் போல்டரில் முழு உரிமை இருக்கும், ஆனால் அதற்கு மேலே ஏதோ ஒரு படியில் நுழைய அனுமதி இருக்காது. 'நேம்ஐ -எல்' என்று கொடுத்து முழுப் பாதையையும் எழுதினால், படிக்கு ஒரு வரியாக யார் உரிமையாளர், என்ன அனுமதி என்று காட்டும். எங்கள் சேர்வரில் கடைசிப் போல்டர் சரியாக இருந்தது, நடுவில் எஃப்டிபி என்ற போல்டர் ரூட் யூசருக்கு மட்டும் 700 ஆக இருந்தது. வீட்டுச் சாவி கையில், ஒழுங்கை முகப்பில் கேற் பூட்டு. அந்த நடுப் போல்டரை 711 ஆக்கினால், கடந்து போகலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் பார்க்கமுடியாது.

பூட்டியதும் பொதுப் போல்டர் காணாமல் போய்விட்டது

அச்சகத்துக்கும் ஸ்டூடியோவுக்கும் பொதுவாக ஒரு போல்டர் இருந்தது, அல்பம் அட்டை வடிவங்கள் வைக்க. இரண்டு வீட்டுக்குள்ளும் அதற்கு ஒரு சிம்லிங்க், அதாவது வேறு பாதையைச் சுட்டும் குறி, போட்டிருந்தேன். டிஃபால்ட்ரூட் வேலை செய்யத் தொடங்கியதும் அந்த லிங்க் 550 காட்டியது, அப்படி ஒன்று கிடைக்கவில்லை என்று. பூட்டிய பிறகு யூசருடைய உலகம் அவர் போல்டரிலேயே தொடங்குகிறது. லிங்க் சொல்லும் /எஸ்ஆர்வி/பொது என்ற பாதை அந்த உலகத்தில் இல்லை.

லிங்குக்குப் பதில் பைண்ட் மவுண்ட் செய்யவேண்டும், அதாவது அதே போல்டரை இன்னொரு பாதையிலும் தெரியவைக்கவேண்டும். வீட்டுக்குள் 'பொது' என்று வெறும் போல்டர் ஒன்றை உருவாக்கி, /இடிசி/எஃப்எஸ்டாப் ஃபைலில் இந்த வரியைச் சேருங்கள்:

/எஸ்ஆர்வி/பொது  /எஸ்ஆர்வி/எஃப்டிபி/அச்சகம்/பொது  நன்  பைண்ட்  0 0

எஃப்எஸ்டாப்பில் எழுதாமல் கட்டளையால் மட்டும் செய்தால், அடுத்த மின்வெட்டோடு வெறும் போல்டர்தான் மிஞ்சும். அதற்குள் எவராவது ஃபைல் போட்டுவிட்டால், மறுபடி மவுண்ட் செய்யும்போது அந்த ஃபைல்கள் அடியில் மறைந்துபோகும். "நேற்றுப் போட்டனே, எங்க?" என்று கேட்பார்கள். அன்மவுண்ட் செய்து பாருங்கள், அங்கே இருக்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வேலையை விட்டுப் போன ஒருவருடைய வீட்டு போல்டரை முழுதாக அழிக்கப் போனேன். கட்டளையைத் தட்டி, என்டர் விசைக்கு மேல் விரல் நின்ற நேரத்தில்தான் அதற்குள் பொதுப் போல்டர் பைண்ட் ஆகி இருப்பது ஞாபகம் வந்தது. அது நகல் இல்லை, அதே போல்டர்தான் இன்னொரு கதவால் தெரிகிறது. அங்கே அழித்தால் எல்லோருக்கும் அழியும். நாலு கலியாணத்து அல்பம் வடிவங்கள் அதில் இருந்தன. இப்போது எதையும் அழிக்கும் முன் 'ஃபைண்ட்எம்என்டி' ஓட்டி, அந்தப் பாதைக்குள் ஏதாவது மவுண்ட் இருக்கிறதா என்று பார்க்கிறேன். படிக்க மட்டும் தேவைப்படுகிறவர்களுக்கு அந்த வரியில் 'பைண்ட்,ஆர்ஓ' என்று போட்டுவிடுகிறேன்.

லொகின் ஆகிறது, பட்டியல் மட்டும் வரவில்லை

எஃப்டிபிக்கு இரண்டு கம்பி. கட்டளைக்கு ஒன்று, தரவுக்கு ஒன்று. லொகின் ஆனது முதல் கம்பியில், பட்டியல் வரவேண்டியது இரண்டாவதில். க்ளையன்டின் லொக்கில் 227 என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். அடைப்புக்குறிக்குள் ஆறு எண் இருக்கும்: 192,168,8,11,195,80. முதல் நான்கும் ஐபி. கடைசி இரண்டும் போர்ட்: 195ஐ 256ஆல் பெருக்கி 80ஐக் கூட்டினால் 50000. அதாவது சேர்வர், "192.168.8.11இல் 50000ஆம் கதவுக்கு வா" என்கிறது. நிலாவெளியில் கடற்கரைப் படப்பிடிப்பில் நிற்கும் கெமராக்காரர் 192.168ஐ எங்கே தேடுவார்?

அதற்காகத்தான் மாஸ்கரேட்அட்ரஸ். வெளியே தெரியும் ஐபியை அதில் எழுதினால் 227 வரியில் அது போகும். தரவுக் கம்பிக்கான போர்ட்களைச் சொல்லும் பாசிவ்போர்ட்ஸ் வரியில் ஒரு வீச்சைக் கொடுத்து, அதே வீச்சை ரவுட்டரிலும் திறந்துவிடவேண்டும். ஃபைல்ஸில்லா கெட்டிக்காரன். 227இல் உள்முகவரி வந்தால் "இது உதவாது" என்று விட்டுவிட்டு, இணைந்த முகவரியையே பயன்படுத்திக்கொள்ளும். "ஃபைல்ஸில்லாவில் வருகிறது, இயந்திரத்தில் வரவில்லை" என்று யாராவது சொன்னால் நேரே இந்த வரிக்குப் போங்கள்.

பல ஹோஸ்ட் இருக்கும்போது இது இன்னும் சிக்கும். வெளி ஐபி ஒன்றுதான், எனவே ரவுட்டரின் 21ஆம் போர்ட்டை உள்ளே ஓர் ஐபிக்குத்தான் திருப்பலாம். இரண்டாவது ஹோஸ்டுக்கு வெளியே 2121 மாதிரி வேறு போர்ட் வேண்டும். பாசிவ் வீச்சும் ஹோஸ்டுக்கு ஹோஸ்ட் மோதக்கூடாது: ஸ்டூடியோவுக்கு 50000 முதல் 50049, அச்சகத்துக்கு 50050 முதல் 50099. இரண்டுக்கும் ஒரே வீச்சைக் கொடுத்தால், ரவுட்டர் எல்லாவற்றையும் ஒரே ஐபிக்குத் தள்ளும், மற்றது இருந்திருந்து மட்டும் தொங்கும். இருந்திருந்து வரும் கோளாறுதான் ஆளைக் கொல்லும்.

மாஸ்கரேட் போட்டதும் கடைக்குள் இருப்பவர்களுக்குப் பட்டியல் நின்றுபோகலாம். அவர்களுக்கும் வெளி ஐபி போகிறது, சில ரவுட்டர்கள் உள்ளிருந்து வெளியே போய் மறுபடி உள்ளே திரும்ப விடாது. ஹோஸ்ட் என்பது ஐபிதான் என்பது இங்கே கைகொடுக்கும்: அதே போல்டருக்கு 192.168.8.21இல் இன்னொரு ஹோஸ்ட் எழுதி, மாஸ்கரேட்டை அதில் மட்டும் வைத்து, ரவுட்டரை அதற்குத் திருப்பிவிடுங்கள். உள்ளே இருப்பவர்கள் பழைய 11க்கே வரட்டும்.

எல்லாம் செய்தும் வெளியிலிருந்து ஒன்றுமே எட்டவில்லை என்றால், ரவுட்டரின் வெளிப்பக்க ஐபி 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்குகிறதா பாருங்கள். அப்படியென்றால் உங்களுக்கென்று வெளி ஐபியே இல்லை, பலரோடு பங்குபோட்டிருக்கிறீர்கள். கொன்ஃபிக்கால் அதற்கு மருந்து கிடையாது, இணைப்புத் தருபவரிடம் நிலையான ஐபி கேளுங்கள்.

இணைப்பை மறைகுறியாக்கும் டிஎல்எஸ் போட்ட பிறகு மட்டும், தரவுக் கம்பி திறக்கவில்லை என்று பட்டியல் 425 காட்டினால், பழைய க்ளையன்ட் செஷனை மறுபடி பயன்படுத்தத் தெரியாமல் நிற்கிறது. டிஎல்எஸ்ஒப்ஷன்ஸ் வரியில் நோசெஷன்ரியூஸ்ரிக்வயர்ட் சேர்க்கலாம். பாதுகாப்பு கொஞ்சம் குறையும், க்ளையன்டை மாற்றமுடிந்தால் அதையே செய்யுங்கள்.

விஎஸ்எஃப்டிபிடி வைத்திருப்பவர்களுக்கு

இது இன்னொரு எஃப்டிபி சேர்வர் மென்பொருள். அதில் ஹோஸ்ட் பகுதி என்று ஒன்று கிடையாது. ஐபி ஒன்றுக்கு ஒரு கொன்ஃபிக் ஃபைல் எழுதி, லிசன்_அட்ரஸ் வரியில் அந்த ஐபியைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் தனியாக ஓட்டவேண்டும். சமக்குறிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விட்டால் அது கோபித்துக்கொண்டு எழும்பவே எழும்பாது.

"500 ஊப்ஸ், ரிஃபியூசிங் டு ரன் வித் ரைட்டபிள் ரூட்" என்று வந்தால், பூட்டிய போல்டரின் உச்சியிலேயே யூசருக்கு எழுதும் உரிமை இருக்கிறது என்று பொருள். எழுதமுடிந்தால் அவர் அங்கே போலியாக ஓர் /இடிசி, ஒரு /லிப் உருவாக்கி, சேர்வர் தன் நூலகங்களைத் தேடும்போது அவற்றை எடுக்கவைக்கலாம். அதனால்தான் அடம்பிடிக்கிறது. உச்சிப் போல்டரில் எழுதும் உரிமையை எடுத்துவிட்டு, உள்ளே 'வரவு' என்று ஒரு போல்டர் வைத்து அதில் எழுதவிடுங்கள். அலவ்_ரைட்டபிள்_க்ரூட்=யெஸ் என்ற குறுக்குவழியும் இருக்கிறது, மூன்றாம் பதிப்பிலிருந்து. அதில் ரைட்டபிள் என்ற சொல்லின் நடுவே ஓர் 'ஈ' கூடுதலாக வரும், விட்டுவிட்டால் பிடிக்காது.

பட்டியலில் போட்ட ஆள் மட்டும் சுதந்திரமாகத் திரிகிறார், மற்ற எல்லோரும் பூட்டுப்பட்டிருக்கிறார்கள் என்றால் பதறவேண்டாம். க்ரூட்_லோக்கல்_யூசர்=யெஸ் ஆக இருக்கும்போது, க்ரூட்_லிஸ்ட் ஃபைல் விதிவிலக்குப் பட்டியலாகத் தலைகீழாகிவிடும். நோ ஆக இருந்தால்தான் அது பூட்டவேண்டியவர்களின் பட்டியல்.

ஃபைலின் நேரம் ஐந்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது

இலங்கை நேரத்துக்கும் கிரீனிச்சுக்கும் உள்ள இடைவெளி அது. கோளாறு என்று சொல்லமுடியாது, புரோஎஃப்டிபிடி இயல்பாகவே கிரீனிச் நேரத்தில் சொல்கிறது. 'டைம்ஸ்ஜிஎம்டி ஓஃப்' போடலாம். விஎஸ்எஃப்டிபிடியில் யூஸ்_லோக்கல்டைம்=யெஸ்.

தமிழ்ப் பெயர் வைத்த ஃபைல் ஏறமாட்டேன் என்கிறது, அல்லது இரண்டாகத் தெரிகிறது

ஸ்டூடியோ அண்ணா மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், மண்டபம், திகதி எல்லாம் சேர்த்து ஒரு முழு அழைப்பிதழையே ஃபைலுக்குப் பெயராக வைப்பார். விண்டோஸில் கிடக்கும், சேர்வரில் ஏறாது. எக்ஸ்ட்4 வட்டில் பெயருக்கு 255 பைட் எல்லை, தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். 'திருகோணமலை' என்பது கண்ணுக்கு ஆறு எழுத்து, வட்டுக்குப் பத்துக் குறியீடு, 30 பைட். மொத்தம் 85 குறியீட்டோடு இடம் முடிந்துவிடும், ஃபைல் வகையைக் காட்டும் வாலும் அதற்குள்தான். விண்டோஸ் பைட்டை எண்ணுவதில்லை, அதனால் அங்கே பிரச்சினை தெரிவதில்லை.

இரட்டையாகத் தெரிவது இன்னும் வேடிக்கை. பழைய மாக் வட்டிலிருந்து வந்த பெயரில் 'கோ' என்ற எழுத்தின் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாகப் பிரிந்திருக்கும். விண்டோஸில் தட்டியதில் ஒன்றாக இருக்கும். திரையில் இரண்டும் ஒன்றுதான், வட்டில் ஒன்று 33 பைட், மற்றது 30. ஒன்றை அழித்தால் மற்றது நிற்கும், அண்ணா வந்து "அழிச்சனான், திரும்ப வந்து நிக்குது" என்பார். 'கொன்வ்எம்வி' கருவியை யூடிஎஃப்-8 இலிருந்து யூடிஎஃப்-8 க்கு, --என்எஃப்சி தேர்வோடு ஓட்டினால் பெயர்கள் ஒன்றாகிவிடும். முதல் தடவை அது என்ன செய்யப்போகிறது என்று மட்டும் காட்டும், பார்த்துவிட்டு --நோடெஸ்ட் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். ஒரே பெயரில் இரண்டு ஃபைல் ஏற்கெனவே இருந்தால், எது பெரியது, எது புதியது என்று பார்த்து ஒன்றை முதலில் வேறிடத்துக்கு நகர்த்திவிடுங்கள்.